செவ்வாயும் வியாழனும் அவளுக்கு: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பிள்ளை பற்றிய நிகழ்வு ஆய்வு

நாங்கள் முதலில் சந்தித்தபோது அவளுக்கு வயது 15, தரம் 10 இல் படித்துக்கொண்டிருந்தாள். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வீடு. பாடசாலையிலிருந்து எங்களுக்கு வந்த குறிப்பு சிறியது. வரவு குறைந்து வருகிறது, வகுப்பில் தூங்குகிறாள், தவணைப் பரீட்சையில் கணிதம் தவிர மற்றப் பாடங்கள் எல்லாம் இறங்கிவிட்டன, இடைவிலகக்கூடும். தாய் சுகமில்லாமல் இருக்கிறார் என்பது அந்தக் குறிப்பின் கடைசி வரி.

இதை எழுத அவளும் தாயும் சம்மதித்திருக்கிறார்கள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்று அவர்கள் சொன்னவற்றை எடுத்துவிட்டேன். பெயர்கள் எதுவும் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

சிறுவர் நல வேலையில் இருக்கும் நாங்கள், இப்படிப்பட்ட பிள்ளைக்கு உதவுவது என்றால் சுமையைக் குறைப்பது, பாடசாலைக்குத் திரும்ப அனுப்புவது என்ற இரண்டோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும், என்னவாக வர ஆசை என்பதையெல்லாம் வீட்டு நிலைமை சரியான பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறோம். நீண்டகால நோயாளி இருக்கும் வீட்டில் அப்படி எல்லாம் சரியாகும் நாள் வருவதில்லை. பிள்ளையின் சொந்த நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்கினால் மட்டுமே அந்த நேரம் அதற்குக் கிடைக்கிறது. இந்த வீட்டில் நான் கண்டது இதைத்தான்.

வீடு

தாய்க்கு 42 வயது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். 2023 இன் தொடக்கத்தில் ஒருநாள் மலையிலேயே விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் பலமிழந்தன, பேச்சு குழறிப்போனது. கிளங்கன் வைத்தியசாலையில் சில வாரங்கள் இருந்து வீட்டுக்கு வந்தார். தகப்பன் 2022 பொருளாதார நெருக்கடியின்போதே தோட்ட வேலையை விட்டுக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனவர். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் அப்பாயி (தகப்பனின் தாய்) இருக்கிறார், கண் பார்வை மங்கல். தம்பிக்கு 8 வயது.

காலை நாலரைக்கு எழும்புவாள். பீலியில் தண்ணீர் பிடித்து வந்து, அடுப்பு மூட்டி, தாய்க்கு வெந்நீர் வைப்பாள். கவ்வாத்து மிலாறு (வெட்டிவிட்ட தேயிலைச் செடியின் குச்சி விறகு) ஈரமாக இருந்தால் அடுப்புப் பற்ற அரை மணித்தியாலம் போய்விடும். தாயை லயத்துக்கு வெளியே இருக்கும் மலசலகூடத்துக்குத் தாங்கிக் கூட்டிப்போய் வந்து, உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, ரொட்டி சுட்டு, பிரஷர் குளிசை கொடுத்து, தம்பியை வெளிக்கிடுத்தி, பிறகுதான் தன் சீருடை. பாடசாலை மூன்று கிலோமீற்றர் இறக்கத்தில். பின்னேரம் அதே தூரம் ஏற்றம். இரவில் தாய்க்கு இரண்டு முறையாவது உதவி தேவைப்படும். கிளினிக் நாளில் பாடசாலை கிடையாது; விடியப் போனால் மருந்து எடுத்துக்கொண்டு திரும்பப் பின்னேரமாகும்.

தோட்டத்தில் இது புதுக் கதை இல்லை. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன குடும்பத்தில், தாத்தா படுக்கையில் விழுந்த குடும்பத்தில், மூத்த பிள்ளை, அதிலும் மூத்த பெண்பிள்ளை, இப்படித்தான் வளர்கிறாள். "கெட்டிக்காரப் புள்ள, வீட்ட அப்படியே தாங்குது" என்று லயமே சொல்லும். அந்தப் பாராட்டு உண்மையானது, அவள் அதற்குத் தகுதியானவளும்கூட. ஆனால் பாராட்டிவிட்டு எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் கேள்வியும் அதற்கு வந்த பதிலும்

அந்த வீட்டுக்கு வந்துபோன எல்லோரும் தாயைப் பற்றித்தான் விசாரித்திருந்தார்கள். சாப்பிடுகிறாரா, மருந்து எடுக்கிறாரா, கை கொஞ்சமாவது அசைகிறதா. இவளிடம் கேட்டதும் தாயைப் பற்றித்தான். நான் கேட்டது வேறு: "உனக்கென்று ஒரு மணித்தியாலம் கிடைத்தால் என்ன செய்வாய்?"

"தூங்குவேன் மிஸ். வேற ஒன்னும் வேணாம்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தப் பதிலை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். களைத்துப்போன பிள்ளையிடம் உன் இலட்சியம் என்ன, பொழுதுபோக்கு என்ன என்று படிவத்தை நீட்டினால் வெறும் கோடுதான் கிடைக்கும், அல்லது பெரியவர்களுக்குப் பிடித்த பதில் கிடைக்கும். டீச்சர் ஆக வேண்டும், டொக்டர் ஆக வேண்டும் என்று எழுதித் தந்துவிடும். அதை உண்மை என்று எடுத்துத் திட்டம் போட்டால் அது யாருடைய திட்டமும் இல்லை. விருப்பம் வெளியே வருவதற்கு முதலில் தூக்கம் வேண்டும். ஆகவே எங்கள் முதல் வேலை இரவைச் சரிசெய்வதாக இருந்தது.

இரவில் தாயை வெளியே கூட்டிப்போகும் சிரமம்தான் பெரிது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் மூலம் ஒரு கொமோட் கதிரைக்கு விண்ணப்பித்தோம். அது வரும்வரை காத்திருக்காமல், லயத்தில் இருந்த ஒரு மேசன் பாஸ் பழைய மரக்கதிரை ஒன்றை வெட்டி அதற்குக் கீழே வாளி வைக்கும்படி செய்து கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும் பொருத்தினார். இடது கையால் பிடித்துத் தானே எழும்பிக் கதிரைக்கு மாறத் தாய் பழகினார். வைத்தியசாலையில் இயன்முறைச் சிகிச்சையின்போது சொல்லிக்கொடுத்த அதே அசைவுதான். வீட்டில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் செய்யாமல் இருந்தார். அதன் பிறகு பெரும்பாலான இரவுகளில் மகளை எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

மைலோ டின்

சில வாரம் கழித்துப் போனபோது தம்பி ஒரு டோர்ச்சைக் கொண்டுவந்து காட்டினான். "அக்காதான் செஞ்சது." உடைந்த டோர்ச் ஒன்றின் உடலுக்குள் வேறொன்றின் பல்பும், பழைய போன் சார்ஜரில் இருந்து எடுத்த வயரும். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு மைலோ டின் வெளியே வந்தது. அதற்குள் சிறிய மோட்டார்கள், ஸ்பீக்கர், பட்டறி பிடிக்கும் தகடு, பெயர் தெரியாத வண்ண வண்ணச் சாமான்கள். "குப்பைய சேத்து வச்சிருக்கா" என்றார் தாய். அவர் குழறிச் சொன்னதை மகள்தான் எனக்குத் திருப்பிச் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

அதுவரை அவளைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும், ஆசிரியர்களும் தோட்ட டிஸ்பென்சரியில் இருந்தவர்களும் உறவுக்காரர்களும், அவள் தாதியாக வரவேண்டும் என்றே சொல்லியிருந்தார்கள். அம்மாவை இவ்வளவு நன்றாகப் பார்க்கிறாளே என்பதுதான் காரணம். அவளிடம் நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவ பாக்குறது அம்மாங்கறதால. எனக்கு அந்த வேல புடிக்காது மிஸ். இரத்தம் பாத்தா தல சுத்தும்" என்றாள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதையே வாழ்நாள் தொழிலாக எழுதிவைப்பதில் ஒரு அநியாயம் இருக்கிறது. விரும்பிப் போகிறவர்கள் போகட்டும். இவளுக்குப் பிடித்தது மின்சாரம்.

அதற்கு ஒரு காரணமும் சொன்னாள். லயங்களில் தீப்பிடித்தால் செய்தியில் பெரும்பாலும் மின் ஒழுக்கு என்று வரும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் (லயத்து வீடுகள்) இருப்பதால் ஒரு வீட்டில் பிடித்தது வரிசை முழுக்கப் போய்விடும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்து டிவிஷனில் அப்படி ஒரு வரிசை எரிந்ததைப் பார்த்திருக்கிறாள். "வயர்ல என்ன நடந்திச்சின்னு யாருமே சொல்லல. அத தெரிஞ்சிக்கணும்."

சரி, பிடித்தது என்ன என்று தெரிந்துவிட்டது. அடுத்து வந்தது நான் எதிர்பார்த்த கேள்விதான். பாடசாலையில் ஓர் ஆசிரியை கேட்டார்: வரவே இல்லாத பிள்ளைக்கு முதலில் பாடம் முக்கியமா, வயரும் பல்பும் முக்கியமா? அக்கறையோடு கேட்ட கேள்வி, அதனால் அக்கறையோடு பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதில் 28 ஆம் உறுப்புரை கல்விக்கு, 31 ஆம் உறுப்புரை ஓய்வுக்கும் விளையாட்டுக்கும். இரண்டாவது முதலாவதுக்குக் கொடுக்கும் சன்மானம் என்று எங்கும் எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் 2014 இல் வந்த சட்டம், வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தேவைகளை உள்ளூராட்சி அமைப்பு மதிப்பிட வேண்டும் என்கிறது. அந்த மதிப்பீட்டில் கல்வி, பயிற்சி, பொழுதுபோக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளை என்ன செய்கிறது, என்ன செய்ய விரும்புகிறது என்பதைக் கவனத்தில் எடுத்தாக வேண்டும். அந்தப் பராமரிப்பை அந்தப் பிள்ளை செய்வது பொருத்தமானதா என்றும் பார்க்க வேண்டும். அது அவர்கள் நாட்டுச் சட்டம், நம்மைக் கட்டாது. ஆனால் அந்த மூன்றையும் ஒரே வரியில் வைத்ததில் உள்ள நியாயம் நமக்கும் பொருந்தும். ஆசிரியை யோசித்துவிட்டு, தொழில்நுட்பப் பாடம் எடுக்கும் சேரோடு பேசச் சொன்னார். அவர்தான் இந்தக் கதையில் பெரிய உதவி.

சிவப்புப் பேனையும் நீலப் பேனையும்

தகப்பன் வந்திருந்த ஒரு நாளில் எல்லோரும் உட்கார்ந்து, கொப்பித் தாளில் ஒரு நாளின் வேலைகளை மணிக்கணக்கில் எழுதினோம். எழுதியது மகள். தாய், தகப்பன், அப்பாயி, தம்பி, பக்கத்துக் காம்பராப் பெரியம்மா எல்லோரும் இருந்தார்கள். தாளின் மேலே முதலில் எழுதியது: செவ்வாய், வியாழன், ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை, பாடசாலைத் தொழில்நுட்ப அறை. அதை எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கினோம். இந்த ஒழுங்கு முக்கியம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வேலைகளை எழுதி முடித்துவிட்டு மிச்ச இடம் தேடினால் தாளில் மிச்சம் இருக்காது.

அவளால் மட்டும் முடிந்தது சிவப்பில், வேறு ஒருவரும் செய்யக்கூடியது நீலத்தில் என்று சொன்னோம். தொடங்கும்போது தாள் முழுவதும் சிவப்பு. ஒவ்வொன்றாக ஏன் சிவப்பு என்று கேட்டபோது பல நீலமாகின. தண்ணீர், விறகு, குளிசை, தம்பியின் வீட்டுப்பாடம், கிளினிக். கடைசிவரை சிவப்பாக நின்றவை இரண்டு. தாயைக் குளிப்பாட்டுவது ஒன்று. மற்றவர் தன்னைத் தொடுவதைத் தாய் விரும்பவில்லை. அதை மதித்தோம். இன்னொன்று நாங்கள் யாரும் கணக்கில் எடுக்காத வேலை: தாய் பேசுவதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது. அவள் இல்லாத நேரத்தில் தாய்க்குத் தண்ணீர் கேட்கக்கூட ஆள் இல்லை. வெளியே போனாலும் அவளுடைய மனம் வீட்டிலேயே இருந்ததற்கு அதுதான் காரணம். ஒரு அட்டையில் படங்கள் வரைந்தாள்: தண்ணீர், கதிரை, வலி, குளிர், மருந்து, தம்பி. தாய் இடது கையால் தொட்டுக் காட்டலாம். வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சைக்கும் பதிந்தோம்.

தாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி என்றால் பராமரிக்கப்படுகிறவர் என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். அன்று அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு வேலையைத் தொட்டுக் காட்டினார். குளிசைப் பெட்டியும் தம்பியின் வீட்டுப்பாடமும் இனித் தன் பொறுப்பு. வாசிக்கத் தெரிந்தவர், எட்டாம் வகுப்புவரை படித்தவர். மகனைப் பக்கத்தில் இருத்திப் பெருக்கல் வாய்ப்பாடு கேட்கத் தொடங்கியதில் அவருடைய பேச்சுப் பயிற்சியும் நடந்தது. பிள்ளையின் நேரத்துக்காக அதிகம் வாதாடியவரும் அவர்தான்.

கிளினிக் விடயத்தில் முடிச்சு அவிழ்ந்தது தகப்பனிடம். அவர் வழக்கமாகப் போயா (பௌர்ணமி) லீவில் வருவார். போயா நாளில் கிளினிக்கும் இல்லை, பிரதேச செயலகமும் இல்லை. ஆகவே தகப்பன் வீட்டில் நிற்கிற ஒரே நாளில் தகப்பன் செய்யக்கூடிய எந்த அலுவலும் நடக்காது. எல்லாம் மகளின் தலையில் விழும். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் படம் எடுத்து அவருடைய போனுக்கு அனுப்பினோம். கடை முதலாளியிடம் பேசி லீவை அந்தத் திகதிக்கு மாற்றிக்கொண்டார். முதலாளி முகம் சுளித்தாலும் சம்மதித்தார். ஒரு திகதி மாறியதில் மகளுக்கு மாதத்துக்கு ஒரு முழுப் பாடசாலை நாள் திரும்பக் கிடைத்தது.

செவ்வாய், வியாழன் பின்னேரம் யார் வீட்டில் இருப்பது? லயத்தில் அந்த நேரம் ஆளே இருக்காது. கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் வர நாலரை, ஐந்து ஆகும். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா ஓய்வு பெற்றவர், வந்து இருக்கச் சம்மதித்தார். பதிலுக்கு இவள் அவருக்குத் துணி துவைத்துக் கொடுக்கட்டும் என்று அப்பாயி சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான், நான் மறுத்தேன். பிள்ளையின் நேரத்தை விடுவிப்பதற்குப் பிள்ளையின் நேரத்தையே விலையாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை. பெரியம்மாவுக்கும் பிரஷர், அதே வைத்தியசாலையில் கிளினிக். தகப்பன் ஆட்டோ பிடிக்கிற அன்று அவரும் அதிலேயே போய்வரலாம் என்று முடிவானது. வைத்தியசாலையில் கேட்டு இருவரின் திகதியையும் ஒன்றாக்கினோம்.

பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அலைச்சல் அதிகம், கதை குறைவு. தாய்க்கு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க முடியும் என்று குடும்பத்துக்குத் தெரியாது. ஊழியர் சேமலாப நிதியை நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலையில் அதற்குரிய வயது வருமுன்பே எடுக்கலாம் என்பதும் தெரியாது. இரண்டுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். நிதிக்கு தொழில் அலுவலகத்தில் கே படிவம் (நிதியை எடுப்பதற்கான விண்ணப்பம்). தடையாக நின்றது தாயின் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) மூன்றாவது. மலையகத்தில் இந்தச் சிக்கல் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் சத்தியக்கடதாசியும் எடுத்துச் சரிசெய்யப் பல மாதங்கள் போயின. இந்த அலைச்சலில் ஒன்றைக்கூட மகள் செய்யவில்லை. அதற்கு முன் எல்லாப் படிவத்தையும் அவள்தான் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

தொழில்நுட்ப அறையும் டவுன் கடையும்

சேர் அவளுக்குத் தனியாகப் பாடம் எடுக்கவில்லை. இன்னும் சில பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சின்னக் கழகம் போல நடத்தினார். அவளை மட்டும் தனியே வைத்திருந்தால் அது இரக்கமாகிப் போயிருக்கும், அவளுக்குச் சினேகிதிகளும் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் பட்டறியில் ஓடுவது மட்டும், மெயின்ஸ் மின்சாரத்தைத் தொடக் கூடாது என்பது கட்டாய விதி. மல்டிமீற்றர் பிடிக்க, ஈயம் வைக்க, சர்க்கியூட் வரைந்து வாசிக்கக் கற்றாள். ட்ரிப் சுவிட்ச் (மின் ஒழுக்கு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தை நிறுத்துவது) ஏன் விழுகிறது என்று படம் வரைந்து விளக்கிய அன்று, அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தான் மறுநாள் புத்தகம் பார்க்க வேண்டியிருந்தது என்றார் சேர்.

இதற்கிடையில் டவுனில் ரேடியோ, ரைஸ் குக்கர் திருத்தும் ஒரு கடைக்காரர், பின்னேரங்களில் கடைக்கு வரட்டும், பழகிக்கொள்ளலாம், கையில் கொஞ்சம் காசும் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். குடும்பத்துக்கு அது பெரிய விடயம். தகப்பனுக்குச் சம்மதம்தான். அவளுக்கும் ஆசை. எனக்கு மனமில்லை, அதை மறைக்காமல் சொன்னேன். 2016 இலிருந்து கட்டாயக் கல்வி 16 வயதுவரை. 2021 இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 14 இலிருந்து 16 ஆனது. அவளுக்கு இன்னும் 16 ஆகவில்லை. சட்டத்தை விட்டாலும், ஒரு சுமையைக் குறைத்த இடத்தில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகத்தான் அது முடியும். கடையில் வேலை இருக்கும் நாளில் அவளுடைய விருப்பம் எடுபடாது, கடையின் தேவைதான் எடுபடும். கடைசியில் கடைக்காரரிடம் சேர் போய்ப் பேசினார். அவர் கோபப்படவில்லை; பழுதான போர்டுகளையும் சாமான்களையும் ஒரு பெட்டியில் போட்டுக் கழகத்துக்குக் கொடுத்தார். இன்றுவரை கொடுக்கிறார்.

அவள் முதலில் முழுதாகச் செய்து முடித்தது ஓர் அழைப்பு மணி. தாயின் இடது கைப் பக்கம் சுவிட்ச், பெரியம்மாவின் காம்பராவில் சத்தம். எல்லோரும் கொண்டாடினோம். பாடசாலைக் கண்காட்சியில் வைத்தார்கள், பலர் படம் எடுத்தார்கள், கண் கலங்கினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு தயக்கம் வந்தது. அவளுடைய விருப்பம்கூடத் தாய்க்குப் பயன்பட்டால்தான் நம் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதா? மணி நல்லது, தேவையானது. ஆனால் அவள் தனக்காக எதையாவது செய்கிறாளா என்று கவனிக்கத் தொடங்கினேன். தீபாவளிக்கு முன் அது நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வண்ண எல்ஈடி விளக்குச் சரம். யாருக்கும் எந்த உதவியும் இல்லாத சாமான். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகி வைத்து, அதைத் திருகித் திருகிப் பார்த்துச் சினேகிதிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையில் எங்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் எது என்று கேட்டால் மணியை விட அந்தச் சரத்தைத்தான் சொல்வேன். படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை, குறிப்புப் பகுதியில் எழுதினேன்.

திட்டம் குலைந்த மாதம்

தரம் 11 இன் நடுவில் தாய்க்கு வலிப்பு வந்தது. இரவு நேரம், தகப்பன் கொழும்பில், பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். லயத்து ஆட்கள் கூடி, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து அனுப்பினார்கள். மகள் தாயோடு போய் வைத்தியசாலையிலேயே தங்கினாள். செவ்வாயும் வியாழனும் போயின, பாடசாலையும் போனது. தாய் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கழகத்துக்குத் திரும்பவில்லை. "நான் அங்க இருக்கிற நேரம் ஏதும் ஆனா?" என்று கேட்டாள்.

அந்தப் பயத்துக்குச் சமாதானம் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் பயம் நியாயமானது. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு ஏற்பாடு. கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி ஒட்டினோம்: முதலில் 1990 க்கு அழைப்பது யார், தாயோடு வண்டியில் ஏறுவது யார், தம்பி யார் வீட்டில் தூங்குவது, தகப்பனுக்குச் சொல்வது யார், அவர் வந்து சேரும்வரை வைத்தியசாலையில் இருப்பது யார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர், அவர் இல்லாவிட்டால் இன்னொரு பெரியவர். மாதர் சங்கத்தில் இருந்து இரண்டு பேர் தங்கள் பெயரை எழுதச் சொன்னார்கள். அவளுடைய பெயருக்கு நேரே ஒரு வேலை மட்டும்: தாய் எடுக்கும் மருந்துகளின் பட்டியலை எடுத்துக் கொடுப்பது. பாடசாலைக்கும் ஒரு பிரதி போனது. அவசரம் என்றால் சேரின் போனுக்கு அழைப்பு வரும் என்று முடிவானது. அழைப்பு வராதவரை வீட்டில் எல்லாம் சரி என்று அவள் நம்பலாம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தாள். வந்த முதல் நாள்களில் சேரின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், பிறகு குறைந்துவிட்டது.

இப்போது

சாதாரண தரப் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்திருக்கிறாள். கணிதத்திலும் தொழில்நுட்பப் பாடத்திலும் நல்ல பெறுபேறு, ஆங்கிலம் போதாது. 2013 இல் தொடங்கிய உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் சேர விரும்புகிறாள். அது இருக்கிற பாடசாலை டவுனில். பின்னேர வகுப்பு முடியும் நேரத்துக்கும் தோட்டத்துக்கு வரும் கடைசி பஸ்ஸுக்கும் இடைவெளி குறைவு; தவறினால் ஆட்டோக் காசு கட்டுப்படியாகாது. விடுதியில் நிற்கலாமா என்ற பேச்சு வந்தபோது வேண்டாம் என்றது அவள்தான். அம்மாவை விட்டு வாரம் முழுக்க இருக்க முடியாது என்றாள். அதுவும் அவளுடைய விருப்பம். பிள்ளைகளைப் பராமரிப்பிலிருந்து முழுதாகப் பிடுங்கி எடுப்பது உதவி என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். அவள் தாயைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்கிறாள், மின்சாரம் படிக்கவும் வேண்டும் என்கிறாள். இரண்டும் ஒரே பிள்ளை கேட்பவை. உயர்தரம் சரிவராவிட்டால் 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவும், தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு எலக்ட்ரீஷியன் பயிற்சியும் இருக்கின்றன என்று அவளுக்கும் பெற்றோருக்கும் விளக்கியிருக்கிறோம்.

தாய் இப்போது ஊன்றுகோலுடன் வாசல்வரை வருகிறார். குளிக்கும்போது பெரியம்மா உதவட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். மகளின் தாளில் சிவப்பு இன்னும் குறைந்தது.

நாங்கள் இப்போது கவனித்துக்கொண்டிருப்பது தம்பியை. அவனுக்கு 10 வயதாகிறது. அக்கா விட்ட வேலைகளில் சில சத்தமில்லாமல் அவன் பக்கம் நகர்ந்திருக்கின்றன: தண்ணீர், கடைக்குப் போவது, அப்பாயியைக் கைபிடித்துக் கூட்டிப்போவது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவனிடம் யாரும் கேட்கவுமில்லை. போன முறை அவனுக்கும் தனியாக ஒரு தாள் எடுத்தோம். மேலே முதலில் எழுதியது, சனிக்கிழமை காலை, கீழ் டிவிஷன் மைதானத்தில் கிரிக்கெட். அந்த நேரத்தில் பீலிக்குப் போவது யார் என்பதை அடுத்த கிளினிக்குக்குத் தகப்பன் வரும்போது பேச வேண்டும்.